சர்வே நம்பர் தேதியா மாறுது, லிஸ்ட்ல இருந்து ஆளுங்க காணாம போறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல விவசாயப் பக்கமும் படிப்பேன் கல்விப் பக்கமும் படிப்பேன், இந்த லெட்டர் ரெண்டுக்கும் நடுவுல நிக்குற ஒரு விஷயத்த பத்தி. டெல்டா பக்கம் ஒரு விவசாயிகள் குழுவுக்கு கம்ப்யூட்டர் வேலை பாக்குறவ நான். எங்க வேலைல முக்கால்வாசி என்னன்னா ஒரு லிஸ்ட்ட இன்னொரு லிஸ்ட்டோட சேக்குறதுதான். மெம்பர் லிஸ்ட் ஒண்ணு இருக்கும், அதுல மெம்பர் நம்பர், பேரு, அப்பா பேரு, சர்வே நம்பர், எத்தன ஏக்கர்னு இருக்கும். அப்புறம் பயிர் கணக்கான அடங்கல் குடுத்தவங்க லிஸ்ட் தனியா வரும், பயிர் இன்சூரன்ஸ் கட்டினவங்க லிஸ்ட் தனியா வரும், பேங்க் அக்கவுண்ட் நம்பர் லிஸ்ட் இன்னொரு ஆள் கிட்ட இருந்து வரும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வரிசைல இருக்கும், ஒருத்தர் பேர முன்னாடி போட்டிருப்பாரு இன்னொருத்தர் நம்பர முன்னாடி போட்டிருப்பாரு. கடைசி தேதிக்கு முன்னாடி இது எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா ஆக்கி, யார் இன்னும் கட்டலன்னு கண்டுபிடிச்சு அவங்களுக்கு போன் போடணும். இதுதான் வேலை. ஊராட்சி ஆபீஸ், கூட்டுறவு சொசைட்டி, ஸ்கூல், கோயில் நன்கொடை கணக்கு, எங்க போனாலும் இதே வேலைதான் நடக்குது.

இத எல்லாரும் எப்படி செய்றாங்கன்னா ரெண்டு லிஸ்ட்டையும் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வெச்சு டிக் அடிக்கிறாங்க, இல்லன்னா எக்ஸெல்ல தொறந்து காப்பி பேஸ்ட் பண்றாங்க. எக்ஸெல்ல குத்தம் சொல்றது என் நோக்கம் இல்ல, கணக்கு போடவும் சின்ன டேபிள் போடவும் அது நல்ல சாமான். ஆனா வேற இடத்துல இருந்து வந்த டெக்ஸ்ட் ஃபைல டபுள் கிளிக் பண்ணி அதுல தொறந்தா என்ன ஆகுதுன்னு நிறைய பேருக்கு தெரியல. சர்வே நம்பர் 10/2ன்னு இருந்தா அது தேதின்னு நெனச்சு பிப்ரவரி பத்தாம் தேதியா மாத்திடும், 45/3பி மாதிரி எழுத்து கூட இருந்தா தப்பிச்சுக்கும், அதனால மேல இருந்து கீழ போற ஒரே காலத்துல (column) பாதி சர்வே நம்பர் சரியாவும் பாதி தேதியாவும் கிடக்கும். வீட்டு நம்பர் 5/12ம் அப்படித்தான் போகும். அக்கவுண்ட் நம்பருக்கு முன்னாடி பூஜ்யம் இருந்தா அத சாப்ட்டுடும். 15 டிஜிட்டுக்கு மேல உள்ள நம்பர்ல 16வது டிஜிட்டுல இருந்து எல்லாத்தையும் பூஜ்யமாக்கிடும், அப்படியே சேவ் பண்ணிட்டா பழைய நம்பர் திரும்ப வராது. இம்போர்ட் பண்ணும்போதே அந்த காலம் டெக்ஸ்ட்னு சொல்லிட்டா இது நடக்காது, வாஸ்தவம்தான், ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவசரமா ஃபைல தொறக்குற கிளார்க்குக்கு அத யாரு சொல்லிக்குடுத்தாங்க? ஒரு லிஸ்ட்ல தேடி எடுத்து இன்னொரு லிஸ்ட்ல ஒட்டுற விலுக்அப்ங்கற எக்ஸெல் ஃபார்முலா தெரிஞ்சவங்க கூட கடைசில போட வேண்டிய ஃபால்ஸ விட்டுட்டாங்கன்னா அது கிட்டத்தட்ட பொருந்துற வேற ஆளோட வரிய எடுத்து ஒட்டிடும், எரர்னு ஒரு வார்த்த சொல்லாது.

இது நம்ம ஊர் பிரச்சன மட்டும் இல்ல. 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல நடந்தது உங்க பேப்பர் படிக்கிறவங்க நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கலாம். கொரோனா டெஸ்ட் ரிசல்ட்ட லேப்ல இருந்து சிஎஸ்வின்னு சொல்ற வெறும் டெக்ஸ்ட் ஃபைலாத்தான் அனுப்பியிருந்தாங்க, பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்துல அத ஒண்ணா சேக்குறதுக்கு எக்ஸெல்லோட பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்ட யூஸ் பண்ணியிருக்காங்க, அதுல 65,536 வரிக்கு மேல எடம் கிடையாது, ஒரு கேஸுக்கே பல வரி வேணும், மிச்சம் வந்தது எல்லாம் சத்தமில்லாம வெட்டுப்பட்டு போச்சு. செப்டம்பர் 25ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 கேஸ் கணக்குலயே வரல. டெஸ்ட் எடுத்தவங்களுக்கு ரிசல்ட் போயிருச்சு, ஆனா அவங்க கூட பழகினவங்கள தேடிப் போய் எச்சரிக்கிற வேலை நாள் கணக்குல தாமதமாயிடுச்சு. இப்ப இருக்குற எக்ஸெல்ல 10,48,576 வரி வரைக்கும் போகும், ஆனா எல்லைன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. விஞ்ஞானிங்களும் தப்பிக்கல, மார்ச், செப்ட்னு ஆரம்பிக்கிற ஜீன் பேருங்கள எக்ஸெல் தேதியா மாத்தி மாத்தி, கடைசில 2020ல அந்த ஜீன்களோட பேரையே மாத்திட்டாங்க, சாஃப்ட்வேருக்காக மனுஷன் பேர மாத்த வேண்டியதாயிடுச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான். டெக்ஸ்ட் ஃபைல டெக்ஸ்ட்டாவே வெச்சுகிட்டு அடுக்கவும் மாத்தவும் சேக்கவும் ரொம்ப நாளா கமாண்டுன்னு சொல்ற, டைப் பண்ணி குடுக்குற சின்ன சின்ன கட்டளைங்க இருக்கு, காசு குடுக்க வேண்டாம், லினக்ஸ்லயும் மேக்லயும் ஏற்கனவே உக்காந்திருக்கு, விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ ஓட்டுற டபிள்யூஎஸ்எல்ல 2016ல இருந்து போட்டுக்கலாம், ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ்ங்கற ஆப் போட்டா கூட ஓடும். நாம டைப் பண்ற கமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராமுக்கு பேரு ஷெல், கமாண்டுங்கள நாலு வரில எழுதி சேவ் பண்ணி வெச்சா அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். இத நம்ம பசங்களுக்கும் ஆபீஸ்ல உக்காந்திருக்குறவங்களுக்கும் சொல்லித்தரணும். எப்படி இருக்கும்னு தெரியாம வேணும்னு கேக்க மாட்டாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், கமாண்டு பேரெல்லாம் இங்க தமிழ்ல எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல போடணும்.

ஊர் ஊரா வந்த ஃபைல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா சேக்க கேட்னு ஒரு கமாண்டு, டிஸ்க்ல எடம் இருக்குற வரைக்கும் எத்தன லட்சம் வரி வேணாலும் சேத்துக்கும். ஆனா ஒவ்வொரு ஃபைலோட தலைப்பு வரியும் நடுவுல வந்து உக்காந்துக்கும், அத தவிர்க்க ஆக்னு ஒண்ணு இருக்கு, ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன்னு பெல் லேப்ஸ்ல இருந்த மூணு பேர் 1977ல எழுதினது, இன்னிக்கு வரைக்கும் அத மிஞ்ச ஆள் இல்லன்னுதான் நான் சொல்லுவேன். முதல் ஃபைலோட தலைப்ப மட்டும் விட்டுட்டு மத்த ஃபைலோட முதல் வரிய தள்ளிடுன்னு ஒரே வரில சொல்லலாம், கூடவே எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சோ அந்த ஃபைல் பேர ஒரு காலமா சேத்துடுன்னும் சொல்லலாம், அப்ப எந்த ஊர் ஆளுன்னு வரிலயே நிக்கும். காலத்த இடம் மாத்தணும்னா, மூணாவது முன்னாடி, முதல் காலம் பின்னாடின்னு, அதையும் ஆக் தான் செய்யணும். கட்னு ஒரு கமாண்டு காலத்த வெட்டி எடுக்கும், ஆனா 3,1ன்னு கேட்டா கூட அது 1,3ன்னுதான் குடுக்கும், வரிசைய மாத்தாது, இது தெரியாம நிறைய பேரு ஏன் மாறலன்னு மண்டைய பிச்சுக்குவாங்க.

பக்கத்துல பக்கத்துல ஒட்ட பேஸ்ட்னு ஒரு கமாண்டு. முதல் ஃபைலோட முதல் வரி, ரெண்டாவது ஃபைலோட முதல் வரின்னு வரி வரியா ஒட்டும், எந்த வரி யாருதுன்னு பாக்காது. ஒரு ஃபைல்ல ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தா அதுக்கு கீழ இருக்குற அத்தன பேருக்கும் அடுத்த ஆளோட அக்கவுண்ட் நம்பர் ஒட்டிக்கும். எக்ஸெல்ல காலத்த காப்பி பண்ணி பக்கத்துல ஒட்டுறவங்களுக்கும் இதே ஆபத்துதான். அதனால ஆளுங்க சம்பந்தப்பட்ட லிஸ்ட்டுக்கு ஜாயின் தான் சரி, அது ரெண்டு ஃபைல்லயும் இருக்குற மெம்பர் நம்பர ஒப்பிட்டு பொருந்துனாத்தான் சேக்கும். அதுக்கு ஒரு நிபந்தன, ரெண்டு ஃபைலையும் முன்னாடியே அதே காலத்து மேல சார்ட் கமாண்டால வரிசைப்படுத்தியிருக்கணும். அந்த சார்ட் நம்பர் கணக்குல இல்லாம எழுத்து வரிசைல இருக்கணும், அதாவது 10 முன்னாடி வந்து 9 பின்னாடி வரணும், பாக்க தப்பா தெரியும் ஆனா ஜாயினுக்கு அதுதான் வேணும். சார்ட் பண்ணும்போதும் ஜாயின் பண்ணும்போதும் எழுத்தோட நம்பர் வரிசைய மட்டும் பாக்கச் சொல்ற எல்சி ஆல் சமம் சின்னு (LC_ALL=C) ஒரே அமைப்பு வெச்சுகிட்டா பாதி தலைவலி தீந்துடும். இந்த சார்ட் தொல்லையே வேணாம்னா ஆக்ல முதல் ஃபைல மெம்பர் நம்பர் வாரியா ஞாபகத்துல வெச்சுகிட்டு ரெண்டாவது ஃபைல் படிக்கும்போது ஒவ்வொரு வரிலயும் பாத்து ஒட்டச் சொல்லலாம், நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்வேன்.

எந்த காலத்த வெச்சு சேக்குறதுங்கறது கமாண்டு தெரியுறத விட முக்கியம். சர்வே நம்பர வெச்சு சேக்கக் கூடாது, கூட்டுப் பட்டால ஒரே சர்வே நம்பர்ல அண்ணன் தம்பி மூணு பேரு இருப்பாங்க, இன்னொரு ஃபைல்ல அதே நம்பருக்கு ரெண்டு வரி இருந்தா ஜாயின் மூணையும் ரெண்டையும் பெருக்கி ஆறு வரி குடுக்கும், ஆறும் நிஜம் மாதிரியே இருக்கும். பேர வெச்சும் கூடாது, எங்க பக்கம் ஒரு தெருவுல எத்தன செல்வராஜ், எத்தன கலியபெருமாள். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவதான் வரும்னு உறுதியா தெரிஞ்ச நம்பர் மட்டும்தான் வெக்கணும், அது உண்மைலயே ஒரே தடவதான் வருதான்னு சார்ட் பண்ணி யூனிக்ங்கற (uniq) கமாண்ட ஹைஃபன் டின்னு போட்டா ரெட்டிப்பா வந்தது மட்டும் காட்டிடும். சார்ட் பண்ணாம யூனிக் போட்டா பிரயோஜனம் இல்ல, பக்கத்து பக்கத்து வரிய மட்டும்தான் அது பாக்கும்.

இப்ப என் மனசுல இருக்குற முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஜாயின்ல ஹைஃபன் வி 1னு போட்டா முதல் ஃபைல்ல இருந்து ரெண்டாவதுல இல்லாதவங்கள மட்டும் காட்டும். மெம்பரா இருக்காரு, இன்சூரன்ஸ் கட்டல. ஸ்காலர்ஷிப்புக்கு பேர் குடுத்த பொண்ணு, பேங்க் லிஸ்ட்ல இல்ல. முதியோர் பென்ஷன் போன மாசம் வந்துச்சு, இந்த மாசம் லிஸ்ட்ல காணோம். பொருந்தினவங்க லிஸ்ட் யாருக்கும் பெருசா உதவாது, அவங்க வேலை நடந்துடும். பொருந்தாதவங்க லிஸ்ட்ட வெச்சுத்தான் போன் போடணும், வீட்டுக்கு போய் கேக்கணும், சரி பண்ணணும். கையால டிக் அடிக்கும்போது இந்த லிஸ்ட் ஒருக்காலும் முழுசா வராது, கண்ணு அசந்துடும், கடைசி தேதி தாண்டினப்புறம் அந்த விவசாயி வந்து என் பேரு ஏன் இல்லன்னு நிக்கும்போது பதில் சொல்ல யாராலயும் முடியாது. காம்னு இன்னொரு கமாண்டும் இருக்கு, சார்ட் பண்ணின ரெண்டு லிஸ்ட்ட குடுத்தா இதுல மட்டும் இருக்குறது, அதுல மட்டும் இருக்குறது, ரெண்டுலயும் இருக்குறதுன்னு மூணு காலமா பிரிச்சு வெச்சிடும், வெறும் மெம்பர் நம்பர் லிஸ்ட்டுக்கு அதுவே போதும்.

பொருந்த வேண்டியது பொருந்தாமயும் போகும், அதுக்கு காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு தெரியாத எழுத்து. விண்டோஸ்ல செஞ்ச ஃபைல்ல ஒவ்வொரு வரி கடைசிலயும் கேரேஜ் ரிட்டர்ன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், சேக்குற நம்பர் கடைசி காலத்துல இருந்துச்சுன்னா 101ம் 101ம் வேற வேறயாயிடும், டி-ஆர் கமாண்டால அத அழிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும். அட்ரஸ்ல கமா இருந்தா கமா வெச்ச சிஎஸ்வில காலமே நகந்துடும், அதனால முடிஞ்சா டேப் வெச்சு பிரிக்கச் சொல்லி கேளுங்க. அப்புறம் சார்ட் பண்ணினத அதே ஃபைலுக்குள்ளயே > குறி போட்டு திருப்பி எழுதாதீங்க, ஷெல் முதல்ல அந்த ஃபைல காலி பண்ணிட்டுத்தான் சார்ட்டயே கூப்பிடும், மொத்தமும் போயிடும், ஹைஃபன் ஓ போட்டா மட்டும் பத்திரம்.

தமிழ்ல எழுதின லிஸ்ட்டுன்னா இதுக்கு மேல ஒரு படி இருக்கு, இத பத்தி தமிழ் பேப்பர்ல எழுதாட்டி வேற எங்க எழுதுறது. எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் குடுக்குற முறைதான் யூனிகோட், அதுல கொ-ங்கற எழுத்துக்கு ஒகர குறிய ஒரே எழுத்தாவும் போடலாம், ஒத்தக் கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டாவும் போடலாம், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணு போலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற. கொளஞ்சிங்கற பேரு ஒரு லிஸ்ட்ல ஒரு மாதிரி, இன்னொரு லிஸ்ட்ல வேற மாதிரி டைப் ஆகியிருந்தா எந்த கமாண்டும் அந்த அம்மாவ கண்டுபிடிக்காது. ஔ-வ ஒ-வும் ள-வும் சேத்து அடிக்கிறவங்க இருக்காங்க, ஸ்ரீ-க்கு ஸ போட்டும் அடிக்கலாம், 2005ல யூனிகோட்ல சேத்த ஶ போட்டும் அடிக்கலாம், ஸ்ரீனிவாசன்ங்க ரெண்டா பிரிஞ்சிடுவாங்க. கொம்பும் காலும் பிரிஞ்சு கிடக்குறத என்எஃப்சின்னு சொல்ற ஒரே வடிவத்துக்கு யூகான்வ் கமாண்டால கொண்டு வந்துடலாம், ஔ-வும் ஸ்ரீ-யும் அதுல சரியாகாது, செட் (sed) கமாண்டுல நாமளே விதி எழுதி மாத்தணும். இன்னும் பாமினி, டிஸ்கின்னு யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்து முறைல ஃபைல் வெச்சிருக்குற ஆபீஸ் இருக்கு, அத முதல்ல யூனிகோடா மாத்தாம எதுவும் ஆகாது. அடுக்குறதுலயும் கவனம் வேணும், யூனிகோட் நம்பர் வரிசைல ந-வுக்கு அடுத்து ன வரும், ர-வுக்கு அடுத்து ற வரும், புள்ளி வெச்ச க், கௌ-வுக்கும் பின்னாடி போயிடும், நம்ம நெடுங்கணக்கு வரிசை அது இல்ல. ஃபைல சேக்குறதுக்கு அந்த வரிசை போதும், நோட்டீஸ் போர்டுல ஒட்டுற லிஸ்ட்டுக்கு தமிழ் லொகேல், அதாவது தமிழ் மொழிக்கான அமைப்பு வெச்சு அடுக்கணும்.

இது எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கோக்குறது | குறி, பைப். முதல் கமாண்டு குடுக்குறத அடுத்தது வாங்கிக்கும், நடுவுல ஃபைல் எதுவும் வேணாம். அதே பெல் லேப்ஸ்ல இருந்த டக் மெக்கில்ராய் 1964லயே தோட்டத்துக்கு தண்ணி விடுற ஹோஸ இணைக்கிற மாதிரி புரோகிராமுங்கள இணைக்க வழி வேணும்னு எழுதி வெச்சாரு, 1973ல அங்கயே இருந்த கென் தாம்சன் அத லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ்ல போட்டாரு. 1986ல ஒரு பத்திரிகைல கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் நூத் ஒரு டெக்ஸ்ட்ல எந்த வார்த்த அதிகம் வருதுன்னு எண்ணுறதுக்கு பக்கம் பக்கமா புரோகிராம் எழுதினாரு, அதுக்கு விமர்சனம் எழுதின மெக்கில்ராய் அதே வேலைய டி-ஆர், சார்ட் ரெண்டு ரெண்டு தடவ, யூனிக், செட் ஒவ்வொரு தடவன்னு மொத்தம் ஆறு கமாண்ட பைப்புல கோத்து செஞ்சு காட்டினாரு. நூத் எழுதினதும் மேதாவி வேலைதான், ஆனா மெக்கில்ராய் எழுதின அந்த ஆறு வரிய நம்ம பிளஸ் டூ பொண்ணு ஒரு மத்தியானத்துல புரிஞ்சுக்க முடியும், எனக்கு வேண்டியது அதுதான்.

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்குல பைதான் இருக்கு, பைதான்ல சிஎஸ்வி ஃபைல் படிக்கிற பாடமே இருக்கு, ரொம்ப சந்தோஷம். அதுக்கு பக்கத்துல ஒரு பாடம் இந்த கமாண்டுங்களுக்கும் குடுங்க, காமர்ஸ் குரூப் பசங்களுக்கும் சேத்து குடுங்க, கணக்கு பிள்ளையா போறவங்களுக்குத்தான் இது நாளைக்கே வேணும். 2011ல இருந்து அரசு குடுத்த இலவச லேப்டாப்புல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டு குடுத்தாங்க, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னைல உருவாக்கினது, அதுல இது எல்லாமே இருந்துச்சு, ஆனா அந்த பக்கம் போய் பாக்க சொல்லி யாரும் பசங்கள கூட்டிட்டு போகல. ஒரு கறுப்பு ஸ்க்ரீன பாத்து பயந்தே நிறைய பேரு மூடிட்டாங்க.

அரசு ஆபீஸ்களுக்கும் ஒரு கோரிக்கை. பயனாளிகள் லிஸ்ட்ட, மழை அளவ, எதையும் வெளியிடும்போது ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பா போடாதீங்க. பிடிஎஃப்ல இருந்து திரும்ப டைப் அடிக்கிறப்பதான் பேரும் நம்பரும் சிதைஞ்சு போகுது. டேப் வெச்சு பிரிச்ச யூனிகோட் டெக்ஸ்ட் ஃபைலும் கூட சேத்து போடுங்க, தனி ஆளோட ஆதார் நம்பரும் அக்கவுண்ட் நம்பரும் மட்டும் அதுல வேணாம், மத்தது இருந்தா எந்த ஊர் ஆளும் தன் ஊர் லிஸ்ட்டோட ஒப்பிட்டு விட்டுப்போன பேர சொல்லிடுவாங்க.

உங்க கிட்ட கேக்குறது, மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கால் பக்கம் இதுக்கு ஒதுக்குங்க. ஒரு வாரம் சார்ட், அடுத்த வாரம் ஜாயின், அதுக்கு அடுத்த வாரம் பொருந்தாதவங்கள கண்டுபிடிக்கிறதுன்னு போகலாம், பத்து வரி உள்ள ரெண்டு சின்ன லிஸ்ட்டும் கூடவே அச்சடிச்சா பசங்க டைப் பண்ணி பாத்துக்குவாங்க. அந்த லிஸ்ட்டுங்கள செஞ்சு குடுக்க நான் தயார், கற்பனை பேரும் கற்பனை சர்வே நம்பரும் போட்டு, ஒரு கொளஞ்சியும் ஒரு 10/2ம் கட்டாயம் வெச்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருவாரூர் மாவட்டம்